தண்டமில்லாத தருமம்

அரசர்கள் தாம் நிறுவிய அறக்கட்டளைகளைப் பிற்காலத்தார் அழியாமற் காக்கும் பொருட்டுச் சாசனங்களின் இறுதியில் சாபமொழி எழுதி வைப்பது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். இந்தத் தருமத்துக்குக் கேடு செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்ற எச்சரிக்கையைக் கோயிற் சுவர்கள் பலவற்றில் காணலாம். தன் கண் மூடிய பின் தன் வாளும் உறங்கிவிடும் என்பதை உணர்ந்த மன்னன், நரகத்தையே தன் தருமத்துக்குக் காவலாக நியமித்துவிட்டுப் போனான். பதினைந்தாம் நூற்றாண்டில் சிற்றாற்றின் கரையில் தென்காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய அரிகேசரி பராக்கிரம பாண்டியனோ, அக்கோயிலில் பொறிக்கச் செய்த ஒரு பாடலில் வேறொரு வழியை மேற்கொண்டான். இவ்வாலயத்துக்கு எக்காலத்திலேனும் ஒரு குறை நேருமாயின், அக்குறையை நீக்கி இதனைப் பாதுகாப்பவர் யாராயினும் அவர்களை உலகம் அறியப் பணிகின்றேன் என்பதே அப்பாடலின் கருத்து. முடிசூடிய மன்னன் ஒருவன், தான் காண முடியாத காலத்தில், இன்ன குலத்தார் என்றும் இன்ன நாட்டார் என்றும் அறிய முடியாத மனிதரின் முன்னே தலை தாழ்த்தினான்.

அப்பாடலை எண்ணும்போதெல்லாம் நம் காலத்து உலக உடன்படிக்கைகள் என் நினைவுக்கு வருகின்றன. பருவநிலை மாற்றத்தைத் தடுப்பதற்கென்று நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தங்களும், காணாத சந்ததிக்காகச் செய்யப்பட்ட பிரதிக்ஞைகள்தாம். அவற்றை மீறுவோரைத் தண்டிக்க உலகத்துக்கு ஓர் அரசன் இல்லை; கங்கைக் கரைப் பாவத்துக்கு அஞ்சும் மனமும் இன்று அருகிவிட்டது. அங்ஙனமாயின், தண்டிப்பார் எவருமில்லாத இடத்தில் கொடுத்த வாக்கு மனிதனைக் கட்டுமா, அந்த வாக்கை நம்பியிருக்கும் ஏழை நாடுகளுக்கு அதனால் ஏதேனும் பயன் உண்டா என்ற வினாக்கள் எழுகின்றன. இவற்றைச் சட்ட அறிஞர்களும் அரசதந்திரிகளும் தங்களுக்கு மட்டுமே உரிய வினாக்களாகக் கொண்டிருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் இவை முதற்கண் தரும விசாரணைக்கு உரியவை.

மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் பீஷ்மர் தருமபுத்திரருக்கு அரசின் தோற்றத்தைக் கூறுமிடத்து, ஆதியில் அரசும் இல்லை, அரசனும் இல்லை, தண்டமும் இல்லை, தண்டிப்பவனும் இல்லை, மக்கள் தருமத்தாலேயே ஒருவரை ஒருவர் காத்து வந்தனர் என்றும், பின்னர் மோகமும் லோபமும் புகுந்து தருமம் அழியத் தொடங்கிய பின்னரே தண்டநீதி வகுக்கப்பட்டது என்றும் சொல்லுகிறார். இதனைப் பழங்கதை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தருமம் முந்தியது, தண்டம் பிந்தியது என்ற துணிவு இக்கதையில் இருக்கிறது. தண்டம் மட்டுமே தருமத்தை உண்டாக்குமென்றால், நம் ஊர்க் குளங்களும் கால்வாய்களும் இன்று தூர்ந்து கிடக்க நியாயமில்லை. ஊரார் கூடித் தூர் அகற்றும் குடிமராமத்து வழக்கத்தைச் சென்னை மாகாண அரசு 1858-ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கி, வேலைக்கு வராதவர் மீது தண்டமும் விதிக்க இடம் செய்தது. ஆயினும் எந்த வழக்கத்தைக் காக்க அச்சட்டம் பிறந்ததோ, அந்த வழக்கம் அதன் கண்ணெதிரிலேயே தேய்ந்து போயிற்று. நீர் தங்களுடையது என்ற உரிமையுணர்ச்சி ஊராரிடமிருந்து நழுவிய பின்பு ஏட்டிலிருந்த தண்டத்தால் ஒரு கூடை மண்ணையும் வெளியே அள்ளிப் போட முடியவில்லை.

இனி உலக உடன்படிக்கைகளைப் பார்ப்போம். 1992-ஆம் ஆண்டு ரியோ நகரில் கையொப்பமான அடிப்படை உடன்படிக்கை, பொறுப்பு எல்லார்க்கும் பொதுவாயினும் அளவில் வேறுபட்டது என்ற தத்துவத்தை நிலைநாட்டியது. அந்தத் தத்துவத்தின்மேல் 1997-இல் கியோட்டோவில் எழுந்த ஒப்பந்தம், செல்வ நாடுகள் மட்டும் இன்ன அளவு புகையைக் குறைக்க வேண்டுமென்று எண்ணிட்டுச் சொன்னது. குறைக்கத் தவறிய பங்கை 1.3 மடங்காக அடுத்த தவணையில் ஈடு செய்ய வேண்டுமென்று அதன்கீழ்ப் பின்னர் எழுந்த விதிகள் ஒரு தண்டத்தையும் வகுத்தன. அந்தத் தண்டத்துக்கு நேர்ந்த கதியை நாம் கவனிக்க வேண்டும். ஒப்பந்தம் உருவாவதற்கு முன்பே, அந்த ஆண்டு ஜூலையில், வளரும் நாடுகளையும் கட்டுப்படுத்தாத எந்த ஒப்பந்தத்திலும் சேரலாகாது என்று அமெரிக்க செனட் சபை 95 வாக்குகளுக்கு எதிர் வாக்கு ஒன்றுமின்றித் தீர்மானித்துவிட்டது. அந்நாடு கடைசிவரை கியோட்டோவை ஏற்கவில்லை. ஏற்றுக் கையொப்பமிட்ட கனடாவோ, தன் புகை குறைவதற்குப் பதிலாகப் பெருகிவிட்டதைக் கண்டு, கணக்குத் தீர்க்கும் நாள் வருமுன் 2011 டிசம்பரில் விலகுவதாக அறிவித்தது. தண்டத்தை ஒப்புக்கொள்வதும் விலகுவதும் குற்றவாளியின் விருப்பமாகவே இருக்குமிடத்தில் தண்டத்துக்கு என்ன வலிமை இருக்க முடியும்?

இந்த அனுபவத்தினால்தான் 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 12-இல் பாரிஸ் நகரில் முடிந்த உடன்படிக்கை தண்டத்தை அறவே கைவிட்டது. ஒவ்வொரு நாடும் தன் பிரதிக்ஞையைத் தானே வகுத்துக்கொள்ளலாம். அதனை அறிவிப்பதும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதும், கணக்குக் காட்டுவதும் கடமை. பிரதிக்ஞையை நிறைவேற்றாமற்போனால் விசாரிக்கும் குழு எவரையும் எதிரியாகக் கருதாமலும் தண்டியாமலும் உதவி செய்யும் முறையிலேயே நடந்துகொள்ள வேண்டும் என்பது அதன் பதினைந்தாம் பிரிவு. அமெரிக்கா 2020 நவம்பரில் இதிலிருந்தும் விலகியது, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மீண்டும் சேர்ந்தது, 2025 ஜனவரியில் மறுபடியும் விலகுவதாக அறிவித்தது. ஆகவே, இவ்வுடன்படிக்கைகளைப் பலவந்தமாக நிறைவேற்றுவிக்க முடியுமா என்று கேட்பவருக்கு, முடியாது என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவதே நேர்மை.

ஆயினும் இவ்விடத்தில் விசாரணையை முடித்துவிடலாகாது. சைவ சித்தாந்தமும் பௌத்தமும் சமணமும் தமக்குள் எத்தனை வாதிட்டாலும், செய்தவன் தன் வினைப்பயனைத் தானே நுகர்வான் என்பதில் உடன்பட்டிருந்தன. ராஜதண்டத்துக்குத் தப்பியவனும் வினைக்குத் தப்பமாட்டான் என்ற நம்பிக்கைதான், காவலன் இல்லாத இடத்திலும் நம் முன்னோரைத் தருமத்தில் நிறுத்தியது. பருவநிலை மாற்றத்தின் கொடுமை இந்த நம்பிக்கையின் வேரிலேயே கை வைக்கிறது. நிலக்கரியை எரித்துச் செல்வம் குவித்தவர்கள் ஒரு கண்டத்தில் இருக்கிறார்கள். கடல் ஏறி நிலம் இழப்பவர்கள் வேறொரு கண்டத்தில் இருக்கிறார்கள். எரித்த தலைமுறை நிம்மதியாகக் கண் மூடிவிட்டது. வெப்பத்தைச் சுமக்கும் தலைமுறை இப்போதுதான் பிறந்து வருகிறது. ஓர் அமெரிக்கர் சராசரியாக ஆண்டுக்கு ஏறக்குறைய 14 டன் கரிவாயுவை வெளியிடுகிறார், ஓர் இந்தியர் சுமார் 2 டன். மறுபிறவிக் கணக்கில் இது நேர் செய்யப்படும் என்று சொல்லிக் கைகட்டியிருப்பது தத்துவமாகாது. வினையையும் பயனையும் இதே உலகத்தில், இதே பிறவியில், மீண்டும் ஒன்று சேர்க்க மனிதன் செய்யும் முயற்சியே இந்த உடன்படிக்கைகள் என்று நான் கருதுகிறேன். அவற்றின் புனிதமும் அதிலேதான் இருக்கிறது. அவற்றின் தோல்வி நம்மை வருத்த வேண்டியதும் அதனாலேதான்.

தென்காசிச் சீமையில் இந்த வருத்தம் ஏட்டளவில் நிற்பதன்று. மேற்கேயுள்ள செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைவதனால்தான், ஆனி ஆடி மாதங்களில் பிற பகுதிகள் வெயிலில் காயும்போது குற்றாலத்தில் சாரல் விழுகிறது. செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் மேலேயுள்ள காடுகள் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக விடுவதனால்தான் பேரருவியும் ஐந்தருவியும் சிற்றாறாகித் தாமிரபரணியைச் சேருகின்றன. 2024 மே 17-ஆம் தேதி, சாரல் காலம் தொடங்குமுன்னரே, பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த காட்டாற்று வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. அதற்கு முந்திய டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரை முழுவதும் தத்தளித்தது. ஒரு வெள்ளத்தைக் காட்டி இதுதான் பருவநிலை மாற்றம் என்று சாதிப்பது விஞ்ஞானத்துக்கு ஏற்றதன்று. வெப்பமேறிய காற்று அதிக நீராவியைத் தாங்கும், ஆகவே பெருமழைகள் மேலும் பெருமழைகளாகும் என்பது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாத பௌதிக நியதி.

இத்தகைய இடர்களுக்கு ஆளாகும் நாடுகளுக்கு உடன்படிக்கைகள் செய்த உதவி எவ்வளவு? இதற்கும் இந்தச் சீமையிலேயே ஒரு சாட்சி உண்டு. ஆலங்குளம், சுரண்டை, ஊத்துமலைப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் ஊரார் காத்தாடி என்று அழைக்கும் காற்றாலைகள், அதே கணவாய்க் காற்றில் சுழல்கின்றன. கியோட்டோ ஒப்பந்தத்தின் பன்னிரண்டாம் பிரிவு, ஏழை நாட்டில் தவிர்க்கப்படும் ஒவ்வொரு டன் புகைக்கும் ஒரு சான்றிதழ் வழங்கி, அதனைச் செல்வ நாடுகள் விலை கொடுத்து வாங்க வழி வகுத்தது. தமிழ்நாட்டு நூற்பாலைகள் நிறுவிய காற்றாலைகள் பல இவ்வழியில் பதிவு பெற்றன. 2008-ஆம் ஆண்டு வாக்கில் இருபது யூரோ வரை விலைபோன சான்றிதழ், வாங்குவோரின் தேவை சுருங்கியமையால், 2012 முடிவில் ஒரு யூரோவுக்கும் கீழே வீழ்ந்தது. உண்மையில், இக்காற்றாலைகளை வேகமாக எழச் செய்ததில் நம் அரசே தேய்மானக் கணக்கில் அளித்த வருமானவரிச் சலுகைக்குத்தான் பெரும்பங்கு உண்டு. பயன் இல்லை என்று சொல்லமாட்டேன். பயனில் பெரும்பகுதி ஆலை முதலாளிகளோடு நின்றுவிட்டது என்றும், உலகம் கொடுத்ததைவிட நாம் நமக்கே கொடுத்துக்கொண்டது அதிகம் என்றும் சொல்லுவேன்.

பண உதவியின் கதை இதனினும் வருந்தத்தக்கது. 2020-ஆம் ஆண்டுக்குள் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்குப் பதினாயிரம் கோடி டாலர் திரட்டித் தருவதாகச் செல்வ நாடுகள் 2009-இல் கோபன்ஹேகனில் உறுதி கூறின. அத்தொகை முதன்முதலாக எட்டப்பட்டது 2022-இல் என்று அந்நாடுகளின் ஸ்தாபனமே கணக்கிட்டிருக்கிறது. அதிலும் பெரும்பகுதி கடன். பிறருக்குத் தான் பட்ட ருணத்தைத் தீர்க்க வேண்டியவன், அதே தொகையை அவருக்கு வட்டிக்குக் கொடுத்து, தீர்த்துவிட்டேன் என்று கணக்கெழுதுவதை எந்தத் தரும சாஸ்திரமும் ஏற்காது. 2024 நவம்பரில் பாகு மாநாட்டில் 2035-க்குள் ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி டாலர் என்ற புதிய இலக்கு அவசரமாக முடிவு செய்யப்பட்டபோது, இந்தியப் பிரதிநிதி எழுந்து அதனை மறுத்துப் பேசினார். அந்த மறுப்பு முற்றிலும் நியாயமானது.

பராக்கிரம பாண்டியன் விஷயத்தில் நான் முக்கியமாகக் கருதுவது இதுதான். அவன் பிற்காலத்தாரைப் பணிவதற்கு முன் கோயிலைத் தன் பொருளைக் கொண்டு கட்டினான். தன் பங்கை முடித்தவனுடைய பணிவு என்பதனால்தான் அவ்வேண்டுகோளுக்கு ஆணையினும் மிக்க அதிகாரம் உண்டாயிற்று. பிற்காலத்தில் இரண்டாகப் பிளந்து மொட்டையாக நின்ற அவனுடைய ராஜகோபுரத்தை, அவனோடு எந்த உறவும் இல்லாத மக்கள் முயன்று திரும்ப எழுப்பி 1990-இல் குடமுழுக்குச் செய்தார்கள். எந்தச் சாபமும் அவர்களை வற்புறுத்தவில்லை. பாரிஸ் உடன்படிக்கைக்கு வாய்க்காதது இந்த முன்மாதிரிதான். முதலில் புகை விட்டவன் முதலில் நிறுத்தி, முதலில் ஈடு கொடுத்திருந்தால், தண்டமில்லாத அவ்வுடன்படிக்கை இன்று எவ்வளவோ நாடுகளைக் கட்டியிருக்கும். கோபுரம் தலைமுறை தலைமுறையாக இடிந்து நின்று காத்திருந்தது என்பதையும், வானம் அவ்வாறு காத்திராது என்பதையும் நான் மறக்கவில்லை.

நம்மவர்க்கும் இதில் கடமை உண்டு. வளரும் நாடு என்ற பெயரின் நிழலில் நம்முள் வசதி படைத்தோர் ஒளிந்துகொள்ளலாகாது. தென்காசியின் விவசாயக் கூலிக்கும் பெருநகர மாளிகைவாசிக்கும் சராசரி கண்டு இருவர்க்கும் ஒரே நிரபராதித்துவம் வழங்குவது பொய்க்கணக்கு. கடமையை நாமாகவே ஏற்க முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு. 2030-க்குள் மின் உற்பத்தித் திறனில் பாதியை நிலக்கரி முதலியவற்றைச் சாராததாக்குவோம் என்று பாரதம் கொடுத்த வாக்கு 2025-இலேயே நிறைவேறியது. எவரும் மிரட்டி அது நடக்கவில்லை. இக்கடமையின் மறுபுறமாக, 2024 மார்ச்சில் கானமயில் பற்றிய ஒரு வழக்கில், பருவநிலை மாற்றத்தின் தீங்கிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் அடிப்படை உரிமைகளில் அடங்கும் என்று நம் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

தண்டநீதியின் வாயிலும் முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. பசிபிக் தீவுநாடான வனுவாட்டுவில் 2019-ஆம் ஆண்டு சட்டம் பயின்ற மாணவர்கள் சிலர் தொடங்கிய கோரிக்கை, அந்தச் சிறு நாட்டின் முயற்சியால் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபைக்குச் சென்று, அங்கிருந்து ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தை அடைந்தது. பருவநிலையைப் பாதுகாப்பது உடன்படிக்கைகளாலும் சர்வதேச வழக்காற்றுச் சட்டத்தாலும் நாடுகளுக்கு ஏற்பட்ட கடமை என்றும், அதனை மீறுதல் சட்டவிரோதச் செயல் என்றும், மீறிய நாடு ஈடு செய்யக் கடமைப்படலாம் என்றும் 2025 ஜூலை 23-ஆம் தேதி அந்நீதிமன்றம் கருத்துரைத்தது. அது கட்டளையன்று, கருத்துரையே. எனினும் உடன்படிக்கையிலிருந்து விலகிவிட்டால் கடமையும் விலகிவிடும் என்ற வாதத்துக்கு இனி இடமில்லை. நெல்லையிலும் மதுரையிலும் சென்னையிலும் சட்டம் பயிலும் நம் மாணவர்கள் அந்தக் கருத்துரையை முழுவதும் படித்து, எளிய தமிழில் எழுதி, சிற்றாற்றுக் கரை விவசாயியும் காயல்பட்டினத்து மீனவரும் தங்கள் உரிமை இன்னதென்று அறியும்படி செய்ய வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.