கரி நெருப்பு

பெரிய வெள்ளி, பிற்பகல் மூன்று மணி. ராயபுரம் இராயப்பர் கோயிலில் மணி அடிக்கவில்லை. பெரிய வியாழன் இரவே அதன் வாயை அடைத்தாயிற்று. மரக்கட்டை தட்டும் ஒலி மட்டும்.

குருவானவர் பீடத்தின் முன் குப்புற விழுகிறார். சிவப்பு உடை, வெறும் தரை. பாட்டில்லை. சொல்லில்லை.

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது. எங்கோ ஒரு குழந்தை இருமுகிறது.

நற்கருணைப் பேழை திறந்து கிடக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை.

*

காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள். விசைப்படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. டீசல் வாடை. புதுப் பெயின்ட் வாடை. காய்ந்த வலை.

முட்டையிடும் மீனுக்கு இரக்கம். ஐஸ் உடைக்கிறவருக்குக் கூலி இல்லை. இரண்டும் அதே 61 நாள்தான்.

*

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலம். கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கின்றன. ஆளையும் சரக்கையும் கரை சேர்ப்பவை மசூலாப் படகுகள். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருக்கிறார்கள். ஆணி இல்லை. அலை மோதினால் வளையும், உடையாது.

அந்தப் படகோட்டிகளின் சமூகம் எழுப்பியதுதான் இராயப்பர் கோயில். பேதுரு மீனவர். தமிழில் இராயப்பர். ஊரின் பெயரே அவரால் வந்தது என்பார்கள்.

தன் ஆண்டவரைத் தெரியாது என்றவருக்குக் கோயில். கடந்துபோகிற யாருக்கும் அது விசித்திரமாகப் படுவதில்லை.

*

கடவுள் நீதியுள்ளவர் என்றால் குற்றம் கணக்கில் இருக்க வேண்டும். இரக்கமுள்ளவர் என்றால் கணக்கு கிழிய வேண்டும்.

ஒரே கையில் இரண்டும்.

எண்ணம் வருகிறது. போக விடுகிறேன். மறுபடி வருகிறது.

*

11ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் கான்டர்பரிப் பேராயர் ஆன்செல்ம் எழுதுகிறார். மனிதன் கடன்பட்டிருக்கிறான். தீர்க்க வேண்டியவன் மனிதன். தீர்க்க முடிகிறவர் கடவுள் மட்டும். ஆகவே கடவுள் மனிதராகிறார்.

துல்லியம். கொஞ்சம் கூடுதலான துல்லியம்.

16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தச் சபையார் அதைக் கடன் என்று சொல்வதைவிடத் தண்டனை என்கிறார்கள். நீதிபதியே இறங்கி வந்து குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்.

இரண்டுக்கும் நடுவில், 13ஆம் நூற்றாண்டில், தாமஸ் அக்குவினாஸ். நூறு காசு வரவேண்டியவனுக்குத் தன் பையிலிருந்து இருநூறு கொடுப்பவர் நீதியை மீறவில்லை என்கிறார். ஈடு எதுவும் கேளாமலே கடவுள் மன்னித்திருக்கலாம், அதுவும் அநீதி ஆகாது என்கிறார். குற்றம் அவருக்கு எதிரானது. அவருக்கு மேல் யாரும் இல்லை.

மனித நீதிபதிக்கு அந்த உரிமை கிடையாது. இன்னொருவருக்கு இழைத்த குற்றத்தை அவர் தள்ளுபடி செய்ய முடியாது.

இன்னொருவருக்கு இழைத்தது. இந்த இடத்தில் மூச்சு கொஞ்சம் நிற்கிறது.

*

2017 ஜனவரி 28. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதுகின்றன. எர்ணாவூர்க் கரையில் பாறை இடுக்கெல்லாம் கறுப்புக் கூழ். வாளியில் அள்ளுகிறார்கள். கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றுகிறார்கள்.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்குகிறது. பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலையாறு, எண்ணூர் முகத்துவாரம். மீனவர்கள் படகில் போய் மறுபடி அள்ளுகிறார்கள். வலையில் எண்ணெய். அலையாத்திக் காட்டின் வேரில் எண்ணெய். கொக்கின் மார்பில் எண்ணெய்.

அதே மாதம் 26, நள்ளிரவு. பெரியகுப்பத்துக் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கண் எரிகிறது. தொண்டை எரிகிறது.

குற்றம் செய்யாத கை அழுக்கை அள்ளுகிறது. இதில் சிலுவையின் சாயல் இருக்கிறது என்று எழுத வருகிறது.

எழுதவில்லை. அவர் தாமாக ஏறினார் என்கிறது விசுவாசம். இவர்களை யாரும் கேட்கவில்லை.

*

பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுக்கிறது. அறிக்கை. ஆய்வு. இழப்பீடு.

அந்தக் கணக்கு வேண்டும். கரையில் நின்றுகொண்டு இரக்கம் என்று பேசினால், ஆலைக்குப் பரிந்து பேசுவதாகத்தான் காதில் விழும். சரியாகவே விழும்.

இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து ஒருவர் கையால் இறால் தடவுகிறார். அவர் தோலில் ஏறிய எரிச்சலை, மேலே இருக்கிற ஒருவர் மன்னித்துவிட முடியுமா.

அவரும் அதே தண்ணீரில் இறங்கி நின்றால் ஒழிய.

மத்தேயு அப்படித்தான் எழுதுகிறார். எளியவருக்குச் செய்தது அரசருக்கே செய்தது. பசித்தவர் அவர். ஆடையில்லாதவர் அவர். அப்படியானால் எண்ணெய் அவர் மேலும் படிகிறது. காயப்பட்டவராக மன்னிக்கிறார்.

காயப்பட்டவர் இருவர். ஒருவர் மன்னிக்கிறார். மற்றவர் இன்னும் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

சோப்பு நுரை. சாம்பல் நிறம்.

*

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மன்னிப்பு கிடைக்கிறது. எடுத்ததைத் திருப்பித் தரும் கடமை தீர்வதில்லை. மன்னிப்பு பெற்றவன்தான் திருப்பித் தர வேண்டும்.

சக்கேயு. வரி வசூலிப்பவர், குள்ளமானவர், மரத்தில் ஏறியிருக்கிறார். இயேசு அவரை அதட்டவில்லை. கணக்குக் கேட்கவில்லை. அவர் வீட்டில் தங்க வருகிறேன் என்கிறார். அதற்குப் பிறகுதான் சக்கேயு நான்கு மடங்கு என்கிறார்.

விருந்தாளி முன்னால். கணக்கு பின்னால். வாசல் ஒன்றுதான்.

*

திருவொற்றியூர். சிவன் கோயிலுக்குள் கல் குளிர்ச்சி. மகிழம்பூவின் வாசம், உலர்ந்த பிறகும் போகாதது.

இங்கேதான் சுந்தரர் சங்கிலியாரை மணக்கிறார். பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம். பிரிகிறார். ஊர் எல்லை தாண்டும்போது இரண்டு கண்ணும் போகின்றன.

இறைவனின் தோழர் அவர். தோழமை தண்டனையைத் தடுக்கவில்லை.

திருவெண்பாக்கத்தில் முறையிடுகிறார். கேட்டது கண். கிடைத்தது கோல். காஞ்சியில் ஒரு கண். திருவாரூரில் மற்றது.

எடுத்ததும் அதே கை, கொடுத்ததும் அதே கை. நடுவில் தட்டித் தட்டி நடந்த வழி. அந்தக் கோல் எந்தப் பக்கத்தில் சேரும்.

வேறு கதை. வேறு கடவுள். ராயபுரத்திலிருந்து பேருந்தில் அரை மணிகூட இல்லை.

*

ராயபுரத்தில் யோவான் எழுதிய பாடுகளை வாசிக்கிறார்கள். பெரிய வெள்ளிக்கு எப்போதும் யோவான்தான்.

இரவு. குளிர். தலைமைக் குருவின் முற்றத்தில் கரி நெருப்பு. பேதுரு அதில் குளிர்காய்கிறார். இயேசுவின் சீடர்தானே என்று கேட்கிறார்கள். இல்லை. இல்லை. இல்லை.

சேவல்.

புதிய ஏற்பாட்டில் கரி நெருப்பு இன்னும் ஓரிடத்தில்தான் வருகிறது. அதுவும் யோவானில். விடியற்காலை, ஏரிக்கரை. உயிர்த்தவர் நெருப்பு மூட்டியிருக்கிறார். மேலே மீன். பக்கத்தில் அப்பம். முதலில் சாப்பிட அழைக்கிறார்.

அதே புகை பேதுருவின் மூக்கில் ஏறியிருக்கும்.

சாப்பிட்ட பிறகு, தன்மேல் அன்பு உண்டா என்று கேட்கிறார். மறுபடி கேட்கிறார். மறுபடியும். அந்த இரவைப் பற்றி ஒரு சொல் இல்லை. எண்ணிக்கை மட்டும் குறையவில்லை.

மூன்றாவது முறை பேதுருவுக்கு வலிக்கிறது.

ஆன்செல்மிலும் அக்குவினாஸிலும் காணாத ஒன்று இங்கே இருப்பதாகத் தோன்றுகிறது. அது வாதம் இல்லை. காலைச் சாப்பாடு.

பிறகு வேலை தருகிறார். எப்படிச் சாகப்போகிறார் என்பதையும் சொல்கிறார்.

*

சிலுவை முத்தி செய்யும் வரிசை. மெதுவாக நகர்கிறது. முக்காட்டுத் துணி, வியர்வை, பழைய மரம்.

கடன் கொடுத்தவர். கடன் வாங்கியவர். துறைமுகச் சீருடையோடு ஒருவர், ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்கலாம். ஒவ்வொரு முத்தத்துக்கும் பிறகு ஒரு கை வெள்ளைத் துணியால் மரத்தைத் துடைக்கிறது.

யாருக்கு எவ்வளவு என்று வரிசையில் யாரும் கேட்பதில்லை.

*

அதே வாரம், இன்னொருவர்.

யூதாஸ் முப்பது வெள்ளிக்காசையும் திரும்பக் கொண்டுபோகிறார். பாவம் செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்கிறார். தலைமைக் குருக்கள் வாங்க மறுக்கிறார்கள். கோயிலுக்குள் வீசுகிறார். கணக்குப்படி பார்த்தால் பேதுருவைவிட இவர் ஒழுங்காகச் செய்கிறார். பேதுரு எதையும் திருப்பித் தரவில்லை. அழுகிறார், அவ்வளவே.

யூதாஸ் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார். உயிர்த்தவர் கரைக்கு வரும்வரை காத்திருக்கவில்லை.

அந்தக் காசில் குயவன் நிலத்தை வாங்குகிறார்கள். அந்நியரைப் புதைக்க.

கத்தோலிக்கத் திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. நரகத்தில் இருப்பதாக ஒருவர் பெயரையும் அறிவிக்கவில்லை. யூதாஸ் பெயரையும்.

ஏரிக்கரையில் அன்று காலை வலையில் இருந்த பெரிய மீன்களை யோவான் எண்ணி எழுதுகிறார். 153. நெருப்பின் மேல் எத்தனை பேருக்கு வைத்திருந்தது என்று எழுதவில்லை.