பீப்பாய்க்குள் கிடக்கிறவன் எந்த வர்க்கம்?

செர்கேய் ஐசன்ஸ்டைன் எடுத்து 1925இல் வெளிவந்த ‘வேலைநிறுத்தம்’ பேசாத படம். ஆனாலும் அதில் ஒரு சொல் ஆளைக் கொன்றுவிடுகிறது. புரட்சிக்கு முந்திய ருஷ்யா. யாக்கோவ் என்கிற தொழிலாளியின் மைக்ரோமீட்டர் களவு போகிறது. விலை 25 ரூபிள், மூன்று வாரக் கூலி. களவு போச்சுன்னு சொல்லப் போனவனையே நிர்வாகம் ‘திருடன்’ என்கிறது. கடிதம் எழுதி வைத்துவிட்டு ஆலைக்குள்ளேயே தூக்கில் தொங்குகிறான். அந்தச் சாவிலிருந்துதான் போராட்டம் மூள்கிறது.

கோரிக்கைகளைப் பாருங்கள். எட்டு மணி நேர வேலை, சிறுவர்களுக்கு ஆறு மணி நேரம், 30 சதவீதக் கூலி உயர்வு. கூடவே, எங்களை மரியாதையாக நடத்து என்பதும் இருக்கிறது. கூலியும் மானமும் ஒரே தாளில். முதலாளிகள் அந்தத் தாளை வைத்துச் சிந்தியதைத் துடைக்கிறார்கள்.

இதுவரை படம் நம் பக்கம். இதற்கப்புறம்தான் சிக்கல்.

கலவரம் தூண்ட ஆள் வேண்டும். அதிகாரத்தின் கையாள் போய் நிற்கிற இடம், தரையில் புதைத்த பீப்பாய்களுக்குள் குடியிருக்கிற ஜனங்கள். அவர்களுக்கு ஒரு ‘ராஜா’. அவன் பொறுக்கிக் கொடுக்கிற ஐந்து பேர் சாராயக்கடைக்குத் தீ வைக்கிறார்கள். தொழிலாளர்கள் அந்த வலையில் விழாமல் விலகிப் போகிறார்கள். அப்படியும் தீயணைப்புக் குழாய்கள் அவர்கள்மேலேயே திரும்புகின்றன.

பீப்பாய்வாசிகளைப் படம் எப்படிக் காட்டுகிறது? குழியிலிருந்து கிளம்புகிற பூச்சிகள் மாதிரி, சிரிப்புக்குரிய கூட்டமாக. அவர்கள் எதைத் தின்றார்கள், ஏன் பீப்பாய்க்குள் வந்தார்கள் என்று ஒரு காட்சியும் இல்லை. பிடிபட்ட தொழிலாளி ஒருவனும் இதே படத்தில் போலீசுக்கு விலைபோகிறான். ஆனால் அவன் அடிபடுவதையும் அவனுக்கு ஆசை காட்டப்படுவதையும் நாம் பார்க்கிறோம். அவன் துரோகத்துக்குக் காரணம் உண்டு. இவர்களுக்கோ அதுதான் பிறவிக்குணம் என்பதுபோல விட்டுவிடுகிறார்கள். ‘திருடன்’ என்ற சொல்லுக்கு எதிராகக் கிளம்பிய படம் அதே முத்திரையைத் தனக்குக் கீழே இருப்பவன்மேல் குத்துகிறது.

‘உதிரிப் பாட்டாளி அப்படித்தான், காசுக்கு எதையும் செய்வான்’ என்று தோழர்கள் சொல்லலாம். செய்தான்தான், மறுக்கவில்லை. தீ வைத்தது தப்புதான். ஆனால் துரோகம் என்று சொல்ல வேண்டுமானால் முன்னாடி ஒரு உறவு இருந்திருக்க வேண்டுமல்லவா? இவனை ஆலை உள்ளே விடவில்லை. கோரிக்கைத் தாளில் இவனுக்கு ஒரு வரி இல்லை. கூட்டத்துக்கு வாடான்னு கூப்பிட்டவர் யாருமில்லை. சேர்க்கப்படாதவன் யாரைக் காட்டிக்கொடுக்க முடியும்?

அமைப்புதான் தொழிலாளியின் பலம் என்ற லெனின் வாசகத்தோடு படம் தொடங்குகிறது. உண்மையான பேச்சு. அப்படியானால் அமைப்புக்கு வெளியே ஆட்களை விட்டுவைப்பது பலவீனம் மட்டுமில்லை, அநியாயமும்கூட. அந்த அநியாயத்துக்கு முதலாளியை மட்டும் கைகாட்டித் தப்ப முடியாது.

பீப்பாய்க்காரனைத் தேடி, பேச்சுக்கொடுத்து, அவனிடம் வேலை ஒப்படைத்தது அதிகாரத்தின் கையாள். அவனுக்கு முந்தி அந்தக் குழிக்கு எந்தத் தோழரும் போகவில்லை.