விளக்கை யாருக்காகக் காட்டுகிறோம்?



சில வாரங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, அவஸ்தையாயிருந்த ஒரு பெரியவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டு, பல்லடம் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் ஒரு மில்லின் வாசலைக் கடந்தேன். அப்பொழுதுதான் ஷிப்ட் விட்டிருந்தது. சாப்பாட்டுத் தூக்குகளோடு பெண்பிள்ளைகள் கூட்டங்கூட்டமாய்ச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். அதற்கு இப்பால் ஒரு வளைவில், புளியமரத்து நிழலிலே ஜீப்பை நிறுத்தி, வேகத்தை அளக்கும் கருவியோடு போலீசார் நின்றார்கள். அவர்களையும் கடந்து வந்தேன். இன்னும் சற்று தூரம் போனதும் எதிரே ஒரு வாலிபன் மிகுந்த வேகமாய் வருவதைக் கண்டேன். நான் யோசிக்கவேயில்லை. என் கை தானாகவே விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டிற்று. அவன் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைத்தான். கையைத் தூக்கி வந்தனம் சொல்லிப் போனான். ஒரு நன்மை செய்தோம் என்கிற திருப்தியோடு நானும் வீடு சேர்ந்தேன்.

அன்றிரவு ஆத்தும சோதனை செய்யும்பொழுது அந்த மில் வாசல் என் மனதில் வந்து நின்றது. அந்த வாலிபன் முதலில் போலீசாரைக் கடப்பான். பிறகுதான் அந்தப் பெண்பிள்ளைகள் இருந்த இடத்துக்கு வருவான். போலீசாரைத் தாண்டினபின் அவன் எந்த வேகத்தில் போனான்? எனக்குத் தெரியாது. அவனுடைய பணப்பையை நான் காப்பாற்றினேன். அவனையும் காப்பாற்றவில்லை, அவர்களையும் காப்பாற்றவில்லை. அவர்களை நான் நினைக்கவுமில்லை. இதை உங்களுக்குச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. என்றாலும் நம்மில் அநேகர் செய்கிற காரியமாதலால் சொல்லத் துணிந்தேன்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப்பின் கோவில் வாசலில் நின்ற சிலரிடம் இதைப்பற்றிப் பேசினேன். "அது ஒரு உதவிதானுங்களே, சாமி? அதிலென்னங்க தப்பு?" என்றார் ஒருவர். எதிரே வருகிறவனுக்கு விளக்கடித்துக் காட்டுவது, ஹெல்மெட் சோதனையென்றால் தலையைத் தொட்டுக் காட்டுவது, இன்ன இடத்தில் நிற்கிறார்கள் என்று செல்போனில் பத்துப் பேருக்குச் செய்தி அனுப்புவது, இவையெல்லாம் இன்று நல்ல பழக்கம் என்றே எண்ணப்படுகின்றன. செய்கிறவன் பரோபகாரி, செய்யாதவன் தன்னலக்காரன்!

இது நம் ஊரில் பிறந்த வழக்கமுமல்ல, நேற்றுப் பிறந்ததுமல்ல. இங்கிலாந்தில் 1903-ம் வருஷத்துச் சட்டப்படி மோட்டார் வண்டிகள் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக்கூடாதென்றிருந்தது. மறைந்து நின்று வேகத்தை அளந்த போலீசாரைப்பற்றித் தங்கள் அங்கத்தினர்களை எச்சரிப்பதற்கென்றே 1905-ல் மோட்டார்க்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் ஆட்கள் சைக்கிளில் சாலை நெடுகச் சுற்றி எச்சரிக்கை கொடுத்துவந்தார்கள். 1910-ல் ஒரு வழக்கில், வேகமாய் வருகிறவர்களை இப்படி எச்சரிப்பது போலீசாரின் கடமைக்குத் தடை செய்வதாகும் என்று அந்நாட்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சங்கத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் ஆட்கள் அங்கத்தினரின் வண்டியைக் கண்டால் சலாம் போடவேண்டும். சலாம் போடாமலிருந்தால் வண்டியை நிறுத்திக் காரணம் கேட்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். சலாம் வராவிட்டால் முன்னே போலீஸ் என்று அர்த்தம்! சலாம் போடாததற்காக ஒருவனை எந்தக் கோர்ட்டு தண்டிக்கும்? மனிதனுடைய சாமர்த்தியம் எத்தனை வழி தேடுகிறது பாருங்கள்.

மறுபக்கமும் உண்டு. 2014-ல் அமெரிக்காவின் மிசௌரி மாகாணத்தில் ஒரு மத்திய நீதிபதி, விளக்கடித்து எச்சரிப்பது ஒருவனுடைய பேச்சுரிமையில் அடங்கும், எச்சரிக்கப்பட்டவன் வேகத்தைக் குறைத்துச் சட்டத்துக்குத்தானே அமைகிறான் என்ற கருத்துப்பட உத்தரவிட்டார். ஆகவே ஒரு தேசத்தில் குற்றமென்று தண்டித்தார்கள். மற்றொரு தேசத்தில் உரிமையென்று காத்தார்கள். கோர்ட்டுக்குரியதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. தனித்தீர்வையிலே ஆண்டவர் நம்மிடம் கேட்கப்போவது, "நீ சட்டத்தில் அகப்பட்டாயா?" என்றல்ல, "உன் அயலானைச் சிநேகித்தாயா?" என்றே கேட்பார்.

நம்மவர்கள் சொல்லும் நியாயங்களை ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, "எச்சரித்தால் அவன் வேகம் குறைகிறதே, அது நன்மைதானே" என்கிறார்கள். குறைகிறது, மெய்தான். எவ்வளவு தூரத்துக்கு? போலீசார் கண்ணுக்கு மறைகிற மட்டும். அபராதத்துக்குப் பயந்து குறைத்த வேகம், அந்தப் பயம் போனவுடனே திரும்பிவிடுகிறது. அடிமைக்குரிய பயம் ஒன்று, பிள்ளைக்குரிய பயம் ஒன்று என்று வேதசாஸ்திரிகள் பிரித்துச் சொல்வார்கள். அடிமை பிரம்புக்குப் பயப்படுகிறான். பிள்ளையோ தகப்பனுடைய மனது நோகுமே என்று பயப்படுகிறான். அடிமைப் பயத்துக்கும் ஒரு பிரயோசனமுண்டு. பிரம்பு எங்கே இருக்கிறதென்று தெரியாதவரையில், அவன் எங்கும் அடக்கமாய் நடப்பான். நாமோ அது இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்து, மற்ற இடங்களிலெல்லாம் அவனுக்குப் பயமில்லாமல் செய்துவிடுகிறோம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 2019-ல் திருத்தப்பட்டபடி, மிதமிஞ்சிய வேகத்துக்குக் காரானால் 1,000 முதல் 2,000 ரூபாய் வரையிலும், கனரக வண்டியானால் 2,000 முதல் 4,000 ரூபாய் வரையிலும் அபராதம் சொல்லுகிறது. அந்த ஆயிரம் ரூபாயைக் கட்டி, மனைவியிடம் ஒரு வசவும் வாங்கியிருந்தால், ஒரு வேளை அவன் வருஷம் முழுதும் நிதானமாய் ஓட்டியிருப்பான். அந்த நன்மையை நாம் அவனுக்கு இல்லாமற் செய்துவிட்டோம்.

இரண்டாவது, "போலீசார் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துநின்று பிடிக்கிறார்கள், சிலர் காசும் பிடுங்குகிறார்கள், அதனாலே ஒருவருக்கொருவர் ஒத்தாசை" என்கிறார்கள். லஞ்சம் வாங்குவது பாவம். அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. யாராவது அநியாயமாய்க் கேட்டால் கொடாதேயுங்கள், ரசீது கேட்டு வாங்குங்கள், மேலதிகாரியிடம் முறையிடுங்கள். ஆனால் காவற்காரன் கெட்டவன் என்பதினாலே காவலே வேண்டாமென்று எவனும் தன் தோட்டத்து வேலியைப் பிடுங்கிப் போடுவதில்லை. அதிகாரம் நன்மைக்காகக் கடவுளால் வைக்கப்பட்டது, தண்டனைக்குப் பயந்து மாத்திரமல்ல, மனச்சாட்சியினிமித்தமே அதற்குக் கீழ்ப்படியவேண்டும் என்று அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதின நிருபத்தில் போதிக்கிறார். அவர் அதை எழுதினது நீரோன் இராயன் ஆண்ட காலத்திலே என்பதை மறக்கவேண்டாம்.

மூன்றாவது நியாயம்தான் எல்லாவற்றிலும் பெரிது: "இது பிறர்சிநேகம்." அப்படியானால் பிறன் யார் என்று கேட்போம். இதே கேள்வியை ஒரு வேதபாரகன் கேட்டபொழுது, நமது திவ்விய இரட்சகர் ஒரு சாலையைத்தான் காட்டினார். எருசலேமிலிருந்து எரிக்கோவுக்கு இறங்கிப்போகிற சாலை. கள்ளர் கையில் அகப்பட்டு ஒருவன் குற்றுயிராய்க் கிடந்தான். சமாரியன் இறங்கி அவனைத் தூக்கினான். அந்தச் சாலையில் எதிரே வருகிற பிரயாணிக்கு, "முன்னே கள்ளர் இருக்கிறார்கள், ஜாக்கிரதை" என்று ஒருவன் சொல்லியிருந்தால் அது உத்தமமான பிறர்சிநேகம். கள்ளரிடம் போய், "முன்னே சேவகர் வருகிறார்கள், ஒளிந்துகொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தால் அது என்ன? இரண்டும் எச்சரிக்கைதான். முந்தினது உயிரைக் காக்கிறது. பிந்தினது ஆபத்தைக் காக்கிறது.

வேகமாய் வருகிறவன் கள்ளனல்ல என்பீர்கள். வாஸ்தவம். பெரும்பாலும் அவன் நம் வீட்டுப் பிள்ளையைப்போல ஒரு பிள்ளைதான். ஆனாலும் அவனோடு ஆபத்தும் வருகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்குள் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நான்கு மடங்காகும். 2022-ம் வருஷத்தில் இந்தியா முழுதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நமது தமிழ்நாட்டில் மாத்திரம் 17,884 பேர். தேசம் முழுதும் இறந்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் மிதமிஞ்சிய வேகத்தால் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கையே கணக்குக் காட்டுகிறது. நம் ஊரையே பாருங்கள். திருச்சி ரோடு மேம்பாலம் 2022-ல் திறக்கப்பட்ட சில வாரங்களுக்குள், சுங்கத்துப் பக்கம் வளைந்து இறங்குகிற இடத்தில் இருசக்கர வண்டியில் போனவர்கள் விழுந்து மாண்டார்கள்; பிறகு வேகத்தடை போடவேண்டியதாயிற்று. அவினாசி ரோட்டிலே 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட பாலமோ 10 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதில் ஏறுகிற வாலிபனுக்குக் கை துறுதுறுக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அன்றியும் விளக்கடிக்கிற நமக்கு, எதிரே வருகிறவன் யாரென்று தெரியாது. அவன் குடித்திருக்கலாம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகிறவர்கள் இரவிலே சாலையோரமாய்ப் போகும் காலமாயிருக்கலாம். வேளாங்கண்ணி மாதாவைத் தேடி நம் ஜனங்களே நடந்துபோகும் ஆவணி மாதமாயிருக்கலாம். நம் விளக்கின் வெளிச்சம் அவன் கண்ணில் மட்டுமே படுகிறது. அவனுக்கு முன்னே இருட்டில் நடக்கிறவர்களுக்கோ நாம் ஒன்றும் சொல்லவில்லை. நாம் காண்கிற ஒருவனுக்குத் தயவு காட்டி, காணாத பத்துப் பேரை மறந்துவிடுவது பிறர்சிநேகமாகாது. காயீனும், தம்பிக்கு நானா காவல் என்றுதான் கேட்டான்.

பிறருடைய பாவத்துக்கு உடந்தையாகும் வழிகள் ஒன்பது என்று பழைய ஞானோபதேசத்தில் பெரியவர்கள் படித்திருப்பீர்கள். அவற்றில் ஒன்று, செய்த குற்றத்தை மறைத்துக் கொடுப்பது. 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேசம், குடிவெறியினாலோ வேகப்பிரியத்தினாலோ சாலையில் தங்கள் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து வருவிக்கிறவர்கள் கனமான குற்றத்துக்கு உள்ளாகிறார்கள் என்று, கொலை செய்யாதே என்கிற ஐந்தாங் கற்பனையின் கீழேயே கற்பிக்கிறது. 2007-ல் உரோமையிலிருந்து வாகனம் ஓட்டுகிறவர்களுக்கென்று பத்துக் கற்பனைகள் வெளியிடப்பட்டன. அவற்றில் முதலாவதும் கொலை செய்யாதே என்பதே. கடைசியானது, பிறர்பேரில் நமக்குப் பொறுப்புண்டு என்று உணரவேண்டும் என்பது. விளக்கடித்தவன் ஒவ்வொருவனும் சாவான பாவத்தில் விழுந்தான் என்று நான் சொல்லவில்லை. அநேகர் என்னைப்போல யோசியாமல் செய்கிறார்கள். இனி யோசித்துச் செய்யவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆகையால் மூன்று காரியங்களைக் கைக்கொள்ளுங்கள்.

முதலாவது, எச்சரிக்கிற நல்ல வழக்கத்தை விட்டுவிடாதேயுங்கள். சரியான இடத்தில் செய்யுங்கள். முன்னே விபத்து நடந்திருந்தால், மரம் விழுந்திருந்தால், லாரி பழுதாகி வெளிச்சமில்லாமல் நின்றால், திம்பம் மலைப்பாதையிலோ கோத்தகிரி பாதையிலோ யானை நின்றால், தாராளமாய் விளக்கைக் காட்டுங்கள், வண்டியை நிறுத்தியும் சொல்லுங்கள். அடிபட்டுக் கிடக்கிறவனைக் கண்டால் சமாரியனைப்போல இறங்குங்கள். போலீஸ், கோர்ட்டு என்று அலையவேண்டுமே என்ற பயம் வேண்டாம். உதவி செய்கிறவனைச் சட்டமே காக்கிறது. 2019-ம் வருஷத்துத் திருத்தத்தில் அதற்கென்று தனிப்பிரிவே உண்டு. அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரத்து வைத்தியச் செலவை ஏற்கிற திட்டத்தை நமது மாநில அரசு 2021 டிசம்பரில் தொடங்கியிருக்கிறது.

இரண்டாவது, போலீசார் நிற்கிறார்கள் என்று விளக்கடிக்கவேண்டாம், செல்போனில் செய்தி அனுப்பவும் வேண்டாம். வந்த செய்தியைப் பிறருக்குத் தள்ளிவிடவும் வேண்டாம். எச்சரிக்கை தேவைப்படாதபடி நீங்களே நிதானமாய் ஓட்டுங்கள். அப்படி ஓட்டுகிறவனுக்கு எந்தப் புளியமரத்து நிழலும் பயமல்ல.

மூன்றாவது, இது தகப்பன்மாருக்கு. வண்டியின் முன்னால் உட்காருகிற உங்கள் குழந்தை எல்லாவற்றையும் பார்க்கிறது. எதிரே விளக்கடித்ததும் அப்பா வேகத்தைக் குறைப்பதையும், போலீசாரைத் தாண்டினதும் மறுபடி முறுக்குவதையும் பார்க்கிறது. பார்க்கிறவர்கள் இருந்தால் ஒழுங்கு, இல்லாவிட்டால் இஷ்டம் என்று அப்பொழுதே படித்துக்கொள்ளுகிறது. பதினெட்டு வயதில் அது தனியே வண்டி ஏறும்பொழுது, நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். செபமாலை நல்லது. பிள்ளைக்கு முன்பாக நிதானமாய் ஓட்டிக் காட்டியிருந்தால் அதுவும் ஒரு செபந்தான்.

நான் அன்றைக்கு விளக்கடித்துக் காட்டின அந்த வாலிபன் யாரோ எனக்குத் தெரியாது. தினம் பூசையில் அவனையும் அந்த மில் வாசலில் சாலை கடந்தவர்களையும் சேர்த்து ஒப்புக்கொடுத்து வருகிறேன். நீங்களும் இன்றிரவு குடும்பச் செபத்தில், இந்நேரம் சாலையிலிருக்கிற சகலருக்காகவும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். பிரயாணிகளுக்குப் பாதுகாவலரான அர்ச். கிறிஸ்தோபர் நமக்காக மன்றாடுவாராக. எல்லாம் காண்கிற சர்வேசுரனுடைய கண் மனிதன் வைக்கிற கண்ணியல்ல. அது தகப்பனுடைய கண். அந்தக் கண்ணுக்கு முன்பாக நாம் போகவும் வரவும் அவர் நமக்கு இஷ்டப்பிரசாதம் தந்தருள்வாராக. ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமி