அனிச்சையும் கையும்

'அனிச்சை' என்ற சொல்லிலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. இச்சை அற்றது என்று பெயரிட்ட கணத்தில், செய்தவனை அவன் செயலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். கண் இமைப்பதிலும் சுட்ட விரல் விலகுவதிலும் இதனால் நஷ்டமில்லை. மனித நடத்தை முழுவதையும் இந்தச் செங்கற்களைக் கொண்டே கட்டிவிடலாம் என்று ஒரு உளவியல் கிளம்பியபோதுதான் கேள்வி பிறந்தது. 1863-ல் ருஷ்யாவின் செச்செனோவ் மூளையின் வேலையையே அனிச்சையாகக் கண்டார். பாவ்லோவ் நாயின் உமிழ்நீரில் பழக்கத்தின் விதிகளை அளந்தார். 1913-ல் அமெரிக்காவின் வாட்சன் பிரக்ஞை என்ற சொல்லையே உளவியலிலிருந்து கழித்துவிடச் சொன்னார். மிஞ்சியவை தூண்டலும் துலங்கலும்.

இந்தக் கணக்கைப் பழவேற்காடு ஏரியில் வைத்துப் பார்க்கலாம். பசியாவரம் முதலான ஊர்கள் நம்பியிருக்கும் அந்த ஏரியில், வலையில்லாமல் வெறுங்கையால் இறால் பிடிப்பவர்கள் உண்டு. இருளர்கள், அவர்களில் பெண்களும். கலங்கிய நீரில் நகர்ந்தபடி இரு கைகளாலும் சேற்றைத் தடவி, அகப்பட்டதை வாயில் கவ்விய பறியில் போட்டுக்கொள்வார்கள். தொட்டால் இறால் வாலை மடக்கிப் பின்பக்கமாகத் தெறிக்கும். இறாலின் உறவினமான நன்னீர்ச் சிங்கியில் இந்தத் தாவலை நடத்தும் ராட்சத நரம்பிழைகளை வியர்ஸ்மா 1947-ல் விவரித்தார். தொடுகைக்கும் தாவலுக்கும் இடையே சுமார் நூறில் ஒரு நொடி. அனிச்சை என்று ஒன்று உண்டென்றால் இதுதான்.

எதிரே இருக்கும் கை? அதுவும் தூண்டலுக்குத் துலங்குகிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் இறால் விரலில் படுமுன்பே கை இயங்கிக்கொண்டிருக்கிறது. அதன் வேகமும் விரல்களின் விரிவும்தான் சேற்றில் கிளிஞ்சல் எது, நண்டு எது, இறால் எது என்று பிரிக்கின்றன. இங்கே தூண்டல் வெளியிலிருந்து வந்து கைமேல் விழவில்லை. கை அதைத் தேடி உண்டாக்குகிறது. 1896-லேயே ஜான் டூயி இதைச் சொன்னார். மெழுகுவர்த்தியைத் தொடும் குழந்தையின் செயல் வெளிச்சத்தில் தொடங்குவதில்லை, பார்ப்பதில் தொடங்குகிறது என்றார். தூண்டலும் துலங்கலும் ஒரே செயலுக்குள் வரும் இரண்டு பங்குகள். அவற்றைத் தனித்தனியே வெட்டியெடுத்து, பிறகு ஒட்டவைக்க முயன்றது வாட்சனின் தலைமுறை.

சிங்கியேகூட அவ்வளவு எளிய யந்திரமல்ல. இரை தின்னும்போது அதன் தாவல் சுலபத்தில் கிளம்புவதில்லை. 1996-ல் வெளியான ஒரு ஆய்வு இன்னும் விசித்திரமானது. செரோட்டோனின் என்ற ரசாயனம், சண்டையில் வென்று மேலிருக்கும் சிங்கியில் அந்த நரம்பின் துலங்கலைக் கூட்டுகிறது. தோற்றுப் பணிந்த சிங்கியில் குறைக்கிறது. நரம்புக்குள்ளும் அந்தஸ்து புகுந்திருக்கிறது.

நம் ஊரில் இது வெறும் பரிசோதனைச் சாலை விவகாரமல்ல. 'அது அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது' என்று கடலோரத் தொழில்களைப் பற்றி நாம் சொல்வது பாராட்டுப் போலத் தொனிக்கும். ரத்தத்தில் ஊறியதைக் கற்றிருக்க வேண்டியதில்லை, கற்காதது அறிவாகாது, அறிவல்லாததற்குக் கூலியும் மரியாதையும் குறைவாக இருக்கலாம், முகத்துவாரம் தூர்ந்தால் அந்தக் கைகளைக் கலந்தாலோசிக்கவும் தேவையில்லை. நடத்தைவாதி அறிவியலின் பெயரால் செய்த கழித்தலை, ஜாதி எந்த அறிவியலும் இல்லாமலே செய்துவைத்திருக்கிறது. இரண்டுக்கும் கிடைக்கும் மிச்சம் ஒன்றுதான்: செய்பவன் இல்லாத செயல்.

தேர்ந்த கை யோசிக்காமல் இயங்குகிறதே என்று கேட்கலாம். உண்மை. அந்த வேகத்தில் யோசனைக்கு இடமில்லை. ஆனால் அந்த வேகம் பல வருஷத் தவறுகளும் திருத்தங்களும் படிந்து வந்தது. இறாலின் தாவலைப் போல முட்டையிலிருந்து கூடவே வந்ததல்ல. சேற்றில் கெளிற்று முள் குத்தினால் கை வெடுக்கென்று பின்வாங்குகிறது. அது அனிச்சை, இறாலும் மனுஷியும் அங்கே ஒன்று. அதே கை மறுபடி அதே சேற்றுக்குள், இம்முறை சற்றே வேறுவிதமாக, இறங்குகிறதே, அதை எந்த அனிச்சையில் சேர்ப்பது? பசி என்று பதில் சொல்லலாம். பசி கையைத் தண்ணீர்வரை கொண்டுவரும். எப்படித் தொடவேண்டும் என்று அதற்குத் தெரியாது.