சதுக்கமும் குப்பமும்

கடலோரத்துப் பழைய சதுக்கங்களை அலையினின்றும் ஓதத்தினின்றும் காப்பது எஞ்சினீயர்களின் வேலையென்றே பலரும் எண்ணுகின்றனர். அறத்தைப் பற்றிய கேள்வியொன்றும் அதில் அடங்கியிருக்கிறதென்பது நமது கருத்து. கல்லைக் கொட்டி ஓரிடத்தைக் காத்துவிடலாம். அங்கே தடுக்கப்பட்ட அலை யாருடைய வாசலுக்குப் போகிறது? இதனை வெறுங் கற்பனையாக ஆராயாமல், நம்மவர் பலரும் அறிந்த புதுச்சேரியை வைத்தே ஆராய்வோம்.

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி திடல் என்றோர் இடமுண்டு. செஞ்சியிலிருந்து கொணர்ந்த கருங்கல் தூண்கள் சூழ, நடுவே காந்தியடிகளின் சிலை நிற்கிறது. அருகே 1836-இல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் எழுந்த பழைய கலங்கரை விளக்கம். மாலை வேளையில் அங்கே கூலிக்காரனும் வக்கீலும் ஒரே காற்றை வாங்குகிறார்கள். உன் ஜாதி என்னவென்று கேட்பாரில்லை. கோயிற் பக்கத்து வீதியிலே நடக்கவொட்டாமல் மனிதனை மனிதன் தடுத்து நிறுத்திய நாட்டில், இப்படியொரு பொதுவிடம் இருப்பது சிறு காரியமா? ஆதலின், "பணக்காரர் உலாவும் இடந்தானே, கடல் கொண்டுபோகட்டும்" என்று பேசும் நண்பர்களோடு நாம் உடன்படோம்.

நிற்க. அத்திடலின் முன்னே ஒருகாலத்தில் நல்ல மணற்பரப்பு இருந்தது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியும் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்லும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மட்டும் அது ஓரளவு திரும்பும். நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் முகத்தில், 1980-களின் இறுதியில், துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கல்லணைகளை நீட்டினார்கள். வந்த மணல் அணையின் தென்புறத்தே தங்கிற்று; வடபுறத்தே அலைமட்டும் முன்போல அரித்துக்கொண்டிருந்தது. வரவு நின்று செலவுமட்டும் தொடரும் கணக்குப் புத்தகம் என்னவாகுமென்பதை, தோட்டத்து ஆபீஸில் கிராணி வேலை பார்க்கும் நம்போன்றோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. நகரத்தின் மணற்கரை மறைந்தது. பெரும்பாறைகளை வரிசையாகக் கொட்டிச் சாலையையும் திடலையும் காத்தனர்.

திடல் பிழைத்தது. ஆனால் பாறைச்சுவர் மணலைப் பிறப்பிப்பதில்லை. அரிப்பு வடக்கே நகர்ந்து கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் முதலிய மீனவர் ஊர்களின் கரையைத் தின்னத் தொடங்கிற்று. கட்டுமரமும் படகும் இழுத்துவைக்கும் மணல் போயிற்று, வீடுகள் போயின. அவ்வூர்கள் தமிழ்நாட்டு எல்லைக்குட்பட்டவை. கல்லணையும் பாறைச்சுவரும் புதுச்சேரி சர்க்காரைச் சார்ந்தவை. இவர்கள் போய் யாரிடம் முறையிடுவது? தங்கள் கரையிலும் கல் கொட்டச் சொல்லிக் கேட்கிறார்கள். கொட்டினாலோ அதற்கும் வடக்கேயுள்ளவன் வாசலில் அதே துன்பம். சென்னையிலும் இக்கதை புதிதன்று. 1876-இல் துறைமுக வேலை தொடங்கியபின் தெற்கே மெரீனா அகன்றது. வடக்கே இராயபுரத்துக் கரை அரிந்தது.

இத்தகைய இழப்பை ஏழைக்கு விளக்க நம்மிடம் பழைய சொல்லொன்று தயாராக உண்டு: "கடல் கொண்டது, விதி." இந்திரவிழாவை மறந்ததால் புகாரைக் கடல் விழுங்கிற்று என்று மணிமேகலை சொல்லவில்லையா? அக்காலத்தார் அறிந்தது அவ்வளவே. அவர்களை நாம் நோகமாட்டோம். அரியாங்குப்பத்துக் கல்லணையை எந்தத் தெய்வமும் கட்டவில்லை. திட்டம் வரைந்தவர், பணம் ஒதுக்கியவர், கையொப்பமிட்டவர் எல்லாரும் மனிதர். செய்தவர் உண்டென்றால் கடனும் உண்டு. அதை விதியென்று சொல்வது, கடன்காரன் தன் கணக்கைக் கிழித்தெறிவதற்கு ஒப்பாகும்.

இத்தாலி தேசத்து வெனிஸ் நகரைப் பார்ப்போம். அங்குள்ள சான் மார்க்கோ சதுக்கம் உலகப் புகழ்பெற்றது. நகரிலே மிகத் தாழ்ந்த இடங்களுள் ஒன்றுமாகும். 1966 நவம்பரில் ஓதம் 194 சென்டிமீட்டரும், 2019 நவம்பரில் 187 சென்டிமீட்டரும் உயர்ந்தது. 500 கோடி யூரோவுக்கு மேற்பட்ட செலவில் மூன்று கடல்வாய்களில் 78 இரும்புக் கதவுகளை அமைத்து, வெள்ளத்தைத் தடுக்க 2020 அக்டோபர் 3-ஆம் நாள் முதன்முறையாக உயர்த்தினர். கதவு எழுந்தால் சதுக்கம் நனையாது. கப்பல்களோ வெளியே காத்துக் கிடக்கவேண்டும். அவ்வாண்டு டிசம்பர் 8-ஆம் நாள், வரும் நீர் குறித்த அளவை எட்டாதென்று கணித்துக் கதவை எழுப்பாதிருந்தனர். நீர் 138 சென்டிமீட்டர் ஏறிச் சதுக்கத்தில் புகுந்தது. எத்தனை சென்டிமீட்டரில் கதவை எழுப்புவதென்பது, யார் நனைவது, யார் காத்திருப்பது என்பதைத் தீர்க்கும் எண். ஆயினும் அங்கே கடைக்காரரும் துறைமுகத் தொழிலாளரும் ஒரே நகரத்துப் பிரஜைகள். தம் நகரசபையை இருவரும் கேட்கலாம். தந்திராயன்குப்பத்து மீனவருக்குப் புதுச்சேரியில் வோட்டு இல்லை.

பாசிர் கூடாங்கில் இருந்துகொண்டு இதைப்பற்றி நாம் ஏன் பேசவேண்டும்? மலாய்மொழியில் பாசிர் என்றால் மணல், கூடாங் என்றால் கிடங்கு. (கூடாங்கும் நமது கிடங்கும் உறவுச்சொற்கள் என்பர்.) 1977-இல் துறைமுகம் திறந்தது முதல் இவ்வூரார் பலருக்கு அதுவே பிழைப்பு. நம் தோட்டத்துச் செம்பனை எண்ணெயும் கப்பலேறித்தான் போகிறது. ஆகவே துறைமுகமே வேண்டாமென்று சொல்ல நமக்கு வாயில்லை. வடிகால் வெட்டுகிறவன், நீர் பக்கத்துக் கம்பத்தில் போய்த் தேங்காதபடி பார்த்து வெட்டவேண்டும் என்கிற அளவே நாம் கேட்பது.

புதுச்சேரியில் அதற்கு வழியில்லாமலில்லை. அணையில் தங்கும் மணலை வாரி வடபுறத்தே சேர்க்கவேண்டுமென்பது துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடைபெறவில்லை. பின்னர் 2018, 2019 ஆண்டுகளையொட்டி, சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் நகரத்தின் முன்னே கடலடியில் இரும்பாலான செயற்கைத் திட்டொன்றை அமைத்தனர். முப்பதாண்டு இழந்த மணல் சிறிது திரும்பிற்று. ஜனங்கள் மீண்டும் அதில் கால்வைத்தார்கள். நாமும் மகிழ்ந்தோம். ஆனால் மணல் முதலில் திரும்பியது நகரத்தின் முன்னேதான். குப்பங்களுக்கு இன்னும் கல்லே கிடைக்கிறது. இதற்கிடையில் அரியாங்குப்பத்துத் துறைமுக வாயில் அடிக்கடி மணலால் அடைபட்டு, விசைப்படகுகள் கடலுக்குப் போகமுடியாமல் நிற்கின்றன. அவ்வாயிலைத் தூர்க்கும் மணல்தான் சில மைல் வடக்கே வேண்டியிருக்கிறது.