மொட்டைமாடிக் குழாய்

2024 மார்ச்சில், அரசுக் கணக்குப்படி பெங்களூரின் 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிக் கிடந்தன. டேங்கர் லாரிக்குக் காத்து நின்ற அந்த நாட்களில் எங்கள் கட்டடத்து மாடிப்படியில் ஒரே பேச்சுதான்: “நம்மால என்ன பண்ண முடியும்?” நானும் அதையே சொன்னேன். காவிரி நம் கையில் இல்லை, மழையும் இல்லை. வாக்காளர் பட்டியலில் என் பெயர்கூட இன்னும் சொந்த ஊரில்தான் இருக்கிறது.

அந்தக் கோடையில் ஜே.பி. நகர் ஏழாவது பேஸில் உள்ள புட்டேனஹள்ளி ஏரியைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். புட்டகெரே என்றும் சொல்வார்கள். கன்னடத்தில் ‘புட்ட’ என்றால் சின்னது. சுமார் 13 ஏக்கர்தான். ஒரு காலத்தில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிச் செத்துக்கொண்டிருந்த ஏரி. பாரதியின் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த எழுத்தாளர் உஷா ராஜகோபாலன் தன் குடியிருப்பிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், 2010இல் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்கினார். மறு ஆண்டு மாநகராட்சி ஏரியின் பராமரிப்பை அவர்களிடமே ஒப்படைத்தது. மரக்கன்று நட்டார்கள், களையெடுத்தார்கள், பக்கத்து அடுக்ககம் சுத்திகரித்த நீரை ஏரிக்கு வரச் செய்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் அங்கே வந்துபோகின்றன.

அவர்களால் ஊர் முழுவதும் மாறிவிடவில்லை. 2018 ஜனவரியில்கூட இதே ஊரின் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்து எரிந்தது. ஆனால் கையாலாகாதவன் என்ற சொல்லிலேயே கை இருக்கிறது என்பதை அந்தக் கரையில்தான் யோசித்தேன். எட்டாத இடத்தையே வெறித்துக்கொண்டிருந்தால் கை மரத்துத்தான் போகும். எட்டுகிற இடத்தில் அதை வைத்ததும் பக்கத்தில் இன்னொரு கை வந்து சேர்கிறது.

எனக்கும் வந்தது. கரையில் எதிரே வரும் பெரியவர் முதல் வாரம் தலையசைத்தார், மறுவாரம் “திண்டி ஆய்த்தா?” (சிற்றுண்டி ஆயிற்றா?) என்றார். என் அரைகுறைக் கன்னடத்தை அவர்தான் திருத்தினார். உங்கள் கட்டடத்தில் மழைநீர்த் தொட்டி உண்டா என்று கேட்டதும் அவரே. இருந்தது; வருடக்கணக்காக அடைத்துக் கிடந்தது. அதுவரை பெயர்கூடத் தெரியாத இரண்டு அண்டை வீட்டாரும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடைப்பெடுத்தோம். தண்ணீர்ப் பஞ்சம் அதனால் தீரவில்லை. மே மாத மழையில் தொட்டிக்குள் நீர் விழும் சத்தத்தை மூன்று பேரும் நின்று கேட்டோம்.

உங்கள் மொட்டைமாடிக் குழாய் எங்கே போய் முடிகிறது? இன்று மாலை, எதிர்வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.