பழைய கேசட்டை ஒளிக்காதே!

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரை எல்லையோரக் கிராமங்களிலும் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி, உன்னிடம்தான் பேசுகிறேன். திருமண வெள்ளி விழாவை நீ ஹெச்டியில் எடுத்திருக்கிறாய். நடுவே சேர்க்கச் சொல்லி வீட்டார் அன்றைய கல்யாணத்தின் மினி-டிவி கேசட்டை நீட்டுகிறார்கள். "இது கிளியரா வராது அண்ணே" என்று தள்ளிவிடப் பார்க்கிறாய். ஏன் நடுங்குகிறாய்?

1956 நவம்பர் 1-இல் தென்திருவிதாங்கூரின் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உன் ஊர் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமுமாக வாழ்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் பேசுகிற உனக்கா, இரண்டு தரப் படங்களை ஒரே டைம்லைனில் வைக்கக் கூச்சம்?

கணக்கைப் பார். பழைய கேசட்டின் எஸ்டி ஃபிரேமில் 720-க்கு 576 புள்ளிகள்; முழு ஹெச்டியில் 1920-க்கு 1080. உன்னிடம் இருப்பது ஐந்தில் ஒரு பங்கு. மீதியை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது, ஊகித்து நிரப்பும். பாட்டியின் முகத்தை யாரோ ஒருத்தியின் முகமாக்கிவிடும். அந்தப் பொய் உனக்கு வேண்டாம். இருக்கும் ஒரு பங்கை மதித்து வேலை செய். முதலில் டி-இன்டர்லேஸ் செய், பிறகு பெரிதாக்கு. முறை மாறினால் அசையும் கையெல்லாம் சீப்புப் பல்லாகும். திரையை நிரப்பப் பக்கவாட்டில் இழுக்காதே, மணப்பெண் பருத்துப்போவாள். மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் கால்வாசி போகும், தலையோ தாலியோ தப்பாது. 1440-க்கு 1080 அளவில் நடுவில் நிறுத்து. இருபுறமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். ஷாட்டுக்கு ஷாட் மாற்றி மாற்றிக் குத்தாமல், பழையதை ஒரு முழுக் காட்சியாக ஓடவிடு. பார்ப்பவர் கண் பழகிக்கொள்ளும்.

2002-இல் வந்த டேனி பாயலின் '28 டேஸ் லேட்டர்' படத்தின் பெரும்பகுதி கேனான் எக்ஸ்எல்-1 கேமராவில், நீ ஒதுக்கும் அதே மினி-டிவி கேசட்டில் எடுக்கப்பட்டது! முடிவுக் காட்சி 35 எம்எம் ஃபிலிம். ஒளிப்பதிவாளர் ஆண்டனி டாட் மேன்டில் பின்னர் மும்பையில் ஃபிலிமையும் டிஜிட்டலையும் கலந்து 'ஸ்லம்டாக் மில்லியனர்' எடுத்து, 2009-இல் ஆஸ்கர் வாங்கினார். கலந்ததற்காக அவரை யார் குறைசொன்னார்கள்?

அவ்வளவு தூரம் ஏன்? எல்லைக்கு அந்தப்புறம் அகஸ்தீஸ்வரத்துத் தமிழர் ஜே.சி. டேனியல், மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தைத் தானே எழுதி, இயக்கி, நடித்து எடுத்தார். கதாநாயகி பி.கே. ரோஸி தலித் பெண் என்பதற்காக விரட்டப்பட்டார். 1975-இல் டேனியல் இறந்தபோது அரசின் அங்கீகாரம் இல்லை. இன்று மலையாளத் திரையுலகின் உயரிய விருது அவர் பெயரில் இருக்கிறது. அந்தப் படத்திலோ ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. மங்கலான பத்து நொடி கிடைத்தாலும் அதை எத்தனை பேர் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள்!

உன் ஊர் அலமாரிகளில் பழைய காட்சி மணிக்கணக்கில் கிடக்கிறது. மழைக்கு மழை பூஞ்சை ஏறுகிறது. அந்தக் கேசட்டுகளை ஓட்டும் கேமராக்களும் அருகி வருகின்றன. நாளைக்கு என்று தள்ளாதே. இன்றைக்கே கேட்டு வாங்கு, ஃபயர்வயர் வழியே இறக்கு. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபிதான். இரண்டு ஹார்டு டிஸ்க்கில் பத்திரப்படுத்து. பிறகு டைம்லைனைத் திற, தம்பி.